கரடிக்கு வலிப்பதில்லை

பிப்ரவரி. ஓர்சாவுக்கு வடக்கே
பனி இடுப்பளவு.
குகை வாய்க்குள் தலையை விட்ட யோரன்
டார்ச்சை அணைத்துக்கொண்டு வெளியே வந்தான்:
"இருக்கிறாள்."

மயக்க ஊசி பாய்ந்து பத்து நிமிடம்.
ஐந்து பேர் சேர்ந்து இழுத்துப் போர்வையில் கிடத்தினோம்.
ஈரமண்ணும் பழைய இலையும் கலந்த வாசனை.
ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன்.
ஒரு துடிப்பு.
அடுத்தது வருவதற்குள்
மூக்கைச் சிந்தி, கையுறையைக் கழற்றி,
இவள் செத்துவிட்டாளோ என்று
ஒருமுறை பயந்தும் முடித்துவிட்டேன்.
பிறகு வந்தது, அவசரமே இல்லாமல்.

தோலுக்கடியில் நான்கு விரல் கொழுப்பு.
அக்டோபரிலிருந்து ஒரு கவளம் உள்ளே போகவில்லை,
ஓரடி நடக்கவில்லை.
ரத்தத்தில் மிதக்கும் நெய்யைப் பார்த்தால்
எந்த மருத்துவரும் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்.
குழாய்களோ துப்புரவு.
ஒரு படிவு, ஒரு தழும்பு இல்லை.

கழுத்து நரம்பிலிருந்து எடுத்த ஆறு சிமிழ்களையும்
உறைந்துவிடாமலிருக்க
என் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டேன்.
கரடியின் சூட்டோடு
இரண்டு மணி நேரம் பனிச்சறுக்கு.

அந்த வாரம்தான்
என் தம்பி ஸ்டூரே
மரம் ஏற்றிய லாரியை ஓரம் கட்டிவிட்டு
ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தான்.
ஃபாலுன் மருத்துவமனைத் திரையில் பார்த்தேன்:
பனி அள்ளாத காட்டுப் பாதைபோல
ஓரிடத்தில் ஒடுங்கிய ரத்தக்குழாய்.
"எவ்வளவு கொழுப்பிருந்தால்
மூன்று நாள் வலியை மறைத்திருப்பாய்"
மாய்லிஸ் திட்டினாள்.
திட்டி முடியும்வரை அவன் கையை விடவில்லை.

அவள் சொன்ன கொழுப்பு வேறு. ஆனாலும்
ஆய்வகத்தில் உட்கார்ந்து அதையேதான் நினைத்தேன்.
மூட்டை என்றல்லவா நினைத்திருந்தோம்,
பஞ்சகாலத்துக்குக் கட்டிவைத்த ஊமை மூட்டை.
மூட்டைக்கு வாய் இருக்கிறது.
இரவும் பகலும் பேசுகிறது.

லெப்டின் சொல்கிறது: போதும், போதும்.
ஸ்டூரேயின் மூளைக்குக் காது அடைத்து வெகுநாளாயிற்று.
கேளாதவனிடம் இன்னும் உரக்கக் கத்துகிறது;
அந்தக் கத்தலில்
ரத்தக்குழாயின் சுவர் விறைக்கிறது.
அடிப்போனெக்டின் வேறு ரகம்.
உட்சுவரை மெழுகி, புண்ணுக்கு மருந்திடும் கை.
கொழுப்பு பெருகப் பெருக
அது பெற்ற இந்தப் பிள்ளை மட்டும் மெலிகிறது.
இடுப்பில் தொங்குவது அவ்வளவு பொல்லாததல்ல.
குடலைச் சுற்றியது, இதயத்தின் மேலேயே
மஞ்சளாய்ப் படுத்திருப்பது,
அதுதான் காதோடு காதாகக்
கோள் சொல்கிறது.

அப்படியானால் அவளுடைய கொழுப்பு
ஐந்து மாதமாய் அவளிடம் என்ன சொல்கிறது?
எந்தச் சொல்லை விழுங்கிவிடுகிறது?

ஸ்டூரே கையெழுத்திட்டுத் தன் ரத்தமும் தந்தான்.
ஒரே சுழலியில், எதிரெதிர் குழியில்
எடை சரிபார்த்து வைத்தேன்.
மூடியைத் திறந்தபோது
இரண்டிலும் மேலே நின்ற நீரின் நிறம்
ஒன்றுதான், கலங்கிய வெண்ணெய் நிறம்.
யார் யார் என்று
ஒட்டிய சீட்டைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

மாலையில் போனேன்.
வெண்ணெய் இல்லாத வறட்டு ரொட்டியை
முறைத்துக்கொண்டிருந்தான்.
"உன் கரடி என்ன சொல்கிறது?"
இன்னும் தெரியவில்லை என்றேன்.
"தூங்குகிறவளிடம் திருடினாயே,
எழுப்பிக் கேட்டிருக்கலாம்."

தலைமாட்டு இயந்திரத்தில் எழுபத்தாறு.
அவளுடைய ஒரு துடிப்புக்குள்
இவனுடையது எட்டு.
எண்ணத் தொடங்கி
நடுவில் அவன் இருமியதில் விட்டுவிட்டேன்.

குகை வாயைத் தேவதாருக் கிளைகளால் மூடி
மேலே பனி அள்ளிப் போட்டுத்தான் வந்தோம்.
என் இடது கையுறை
உள்ளே கிடக்கிறது.
ஏப்ரலில் எழுந்து
அதை மோந்து பார்ப்பாள்.